ஆன்லைனில் வாங்கிய இயற்பியல் பெட்டி: காந்தம் பாஸ், தராசு ஃபெயில்

ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். விசையும் இயக்கமும், காந்தவியல் ஆகிய பாடங்கள் வரும்போதெல்லாம் கையில் ஏதாவது கருவி இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் பக்கத்தில் விசை என்று எழுதினால், பிள்ளைகள் மனதில் அது அம்புக்குறியாகவே தங்கிவிடுகிறது. அதனால் இந்த வருஷம் ஆன்லைனில் ஒரு இயற்பியல் பெட்டி வாங்கினேன். விலை 1,849 ரூபாய், டெலிவரி இலவசம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே சாமான்கள், அதே பிளாஸ்டிக் தட்டு, வேறு வேறு அட்டைப்பெட்டியில் நான்கைந்து பெயர்களில் விற்கின்றன. படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பவை: இரண்டு சட்ட காந்தங்கள், ஒரு லாட காந்தம், குச்சியில் கோத்த நான்கு வளைய காந்தங்கள், ஒரு திசைகாட்டி, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புத்தூள், மின்காந்தம் செய்ய ஆணியும் செப்புக் கம்பியும். இது காந்தப் பகுதி. இயக்கப் பகுதியில் ஒரு சுருள்வில் தராசு, ஒரு மரக்கட்டை, மூன்று துண்டாக இணைக்கிற சாய்தளப் பாதை, ஒரு எஃகுக் குண்டு, இரண்டு கப்பிகள், எடைக்கற்கள், பலூன் வைத்து ஓட்டுகிற ஒரு கார். இவற்றோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு. ‘இலவசம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சின்ன உறையில் ஆறு வட்டக் காந்தங்கள். அதைப் பற்றித் தனியாகத் திட்ட வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குக் காட்டுகிற வேலையை இந்தப் பெட்டி நன்றாகச் செய்கிறது. அளக்கிற வேலையில் கோட்டை விட்டுவிடுகிறது. பள்ளிக்கூடக் காந்தவியலில் அளக்க வேண்டியது கம்மி, அதனால் அந்தப் பாதி தப்பித்தது. இயக்கம் என்றால் அளவுதான் எல்லாமே. அங்கே நன்றாக மாட்டிக்கொண்டது.

சட்ட காந்தங்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிவப்பும் நீலமும் பூசிய பிளாஸ்டிக் உறை, உள்ளே கறுப்பு நிறத்தில் ஃபெரைட் என்கிற பீங்கான் மாதிரியான காந்தப் பொருள். பழைய பள்ளி ஆய்வகங்களில் இருந்தது அல்நிகோ: அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த உலோகக் கலவை. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அதைக் கீழே போட்டாலும் தட்டினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காந்தத்தன்மை போய்விடும் என்பதால், இரண்டு இரண்டாக எதிர் துருவங்கள் ஒரே பக்கம் வருமாறு அடுக்கி, முனைகளில் தேனிரும்புத் துண்டு வைத்துத்தான் பெட்டியில் மூடுவார்கள். ஃபெரைட் அவ்வளவு சீக்கிரம் வலுவிழக்காது. ஆனால் ஓடு மாதிரி உடையும். பிள்ளைகள் கையில் புழங்குகிற பொருளுக்கு இது நல்ல தேர்வுதான். உடைந்தாலும் நஷ்டமில்லை, ஒவ்வொரு துண்டும் இரண்டு துருவங்களோடு தனிக் காந்தமாக இருப்பதைக் காட்டிவிடலாம், அந்தப் பாடமே ஒழுங்காக முடிந்துவிடும்.

எனக்கு வந்த ஜோடியில் ஒன்றுக்கு நிறம் மாற்றிப் பூசியிருந்தார்கள். முதல் நாளே கண்டுபிடித்தது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். “மிஸ், சிவப்பும் சிவப்பும் ஒட்டுது மிஸ். ஒத்த துருவம் விலக்கும்னுதான படிச்சோம்?” என்றான். பக்கத்தில் இருந்தவன், “ஏல, புஸ்தகத்துல தப்பா இருக்கும்ல” என்றான். எந்தக் காந்தம் பொய் சொல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். ஆளுக்கொரு யோசனை வந்தது. கடைசியில் இரண்டையும் நடுவில் நூல் கட்டி, ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாத தூரத்தில் தொங்கவிட்டோம். ஒன்றின் சிவப்பு முனை வடக்கே நின்றது, மற்றதன் சிவப்பு முனை தெற்கே நின்றது. அன்றைய வகுப்பு அவ்வளவு கலகலப்பாக இருந்தது என்பது உண்மை. அதற்காக இதை ஒரு வசதியாக எழுதிவிட முடியாது. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்கிற குழந்தை, தான் படித்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். மாற்றித் தரச் சொன்னால் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். நெயில் பாலிஷ் எடுத்து நானே நிறத்தை மாற்றிவிட்டேன்.

பெட்டியிலேயே சிறந்த சாமான் வளைய காந்தங்கள். குச்சியில் ஒன்றன் மேல் ஒன்றாக, ஒத்த துருவங்கள் பார்த்துக்கொள்ளும்படி போட்டால், அடியில் இருப்பதைத் தவிர மற்ற மூன்றும் அந்தரத்தில் நிற்கும். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரி: காந்தங்கள் மிதக்கின்றன, பாருங்கள். பார்த்து முடிந்ததும்தான் விஷயமே இருக்கிறது. இடைவெளிகளைக் கவனியுங்கள். மேல் இடைவெளி அகலம், அதற்குக் கீழே கொஞ்சம் குறுகல், அடியில் இன்னும் குறுகல். மேலே உள்ள இடைவெளி ஒரு காந்தத்தின் எடையைத் தாங்குகிறது. அடியில் உள்ளது மூன்றின் எடையைத் தாங்குகிறது. நெருங்க நெருங்க விலக்கு விசை கூடும் என்பதை ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம்.

அப்புறம், இதையே சமையலறை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பாருங்கள். தராசின் தட்டு காந்தம் ஒட்டுகிற ரகமாக இருந்தால் நடுவில் உயரமான ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். வளையங்கள் மிதக்கும்போது தராசு என்ன காட்டும், குச்சியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தால் என்ன காட்டும் என்று முன்கூட்டியே கேட்டேன். மிதப்பதற்கு எடை கிடையாது என்று பாதிப்பேர் அடித்துச் சொன்னார்கள். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தது. மேலே உள்ள காந்தத்தைக் கீழே உள்ளது எவ்வளவு விசையோடு மேலே தள்ளுகிறதோ, அதே விசையோடு மேலே உள்ளது கீழே உள்ளதை அமுக்குகிறது. அது அப்படியே தராசுக்கு இறங்குகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொல்ல ராக்கெட் படம் போடுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. விசைப் பாடமும் காந்தப் பாடமும் ஒன்றாகச் சேர்கிற இடம் இந்தப் பெட்டியில் இது ஒன்றுதான், அது கையேட்டிலேயே இல்லை.

இரும்புத்தூள் பெட்டி பரவாயில்லை. மூடியிருப்பதால் காந்தத்தில் அப்பிக்கொண்டு நாள் முழுக்கச் சுரண்டுகிற வேலை கிடையாது. காந்தத்தை அடியில் வைத்து மெதுவாகத் தட்டினால் கோடுகள் அழகாக வரும். தூள் கொட்டுகிற மாதிரி செய்து பார்க்க ஆசையிருந்தால், காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஆற்று மணலில் இழுங்கள். ஒட்டுகிற கறுப்புத் துகள்கள் பெரும்பாலும் மாக்னடைட் என்கிற இரும்புத் தாது. பையை உருவினால் துகள் தானாக உதிர்ந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கொஞ்சம் கருமணல் கொண்டுவரச் சொல்லலாம். இல்மனைட், கார்னெட், மோனசைட் என்கிற கனிமங்கள் எல்லாம் கலந்த மணல் அது. எது தாவி ஒட்டுகிறது, எது அசையாமல் கிடக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே ஒரு மணி நேரம் போகும்.

திசைகாட்டிக்கு வருவோம். இதைப் பற்றி ஆன்லைனில் நிறையப் பேர் ‘ஊசி சிக்கிக்கொள்கிறது’ என்று ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான். “மிஸ், ஊசி சாஞ்சு நிக்கு” என்று ஒரு பெண் கொண்டுவந்து காட்டினாள். நீலமாக இருக்கிற தென் முனை தாழ்ந்து அடித்தட்டில் உரசிக்கொண்டிருந்தது. ஊசி கோணலாகிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். ஊசி நேராகத்தான் இருக்கிறது. அது செய்யப்பட்ட ஊர் வேறு.

பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்குப் படுக்கையாக இருப்பதில்லை. வடக்கே போகப் போக அது தரைக்குள் இறங்கும். லண்டனில் ஏறக்குறைய 66 பாகை சரிவு. அங்கே ஒரு சாதாரண ஊசியை வைத்தால் வட முனை கீழே இழுக்கப்படும். அதனால் அந்தப் பகுதிகளில் விற்பதற்குச் செய்கிற திசைகாட்டிகளில், தென் முனைப் பக்கம் ஒரு பொட்டு எடை கூட்டிச் சமன் செய்வார்கள். நம்மிடம் நிலைமை வேறு. சரிவு பூஜ்யமாக இருக்கிற புவிக்காந்த நடுக்கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதே திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்துதான். அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது இந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருந்தது. திருநெல்வேலியிலேயே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது; பஸ்ஸில் அந்த வழியாகப் போகிற பிள்ளைகளுக்கே அது என்ன இடம் என்று தெரிவதில்லை. இங்கே புலம் ஏறக்குறைய படுக்கையாகவே இருப்பதால், வடக்கத்தி நாடுகளுக்காகக் கூட்டிய அந்தப் பொட்டு எடை நமக்கு அதிகப்படி. தென் முனை தாழ்ந்துவிடுகிறது.

இதை விற்கிறவர்கள் யோசித்திருக்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். ஆனால் இந்தத் திசைகாட்டி வந்தவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். தென் பக்கம் லேசாகத் தாழும்படி திசைகாட்டியையே சாய்த்துப் பிடித்தால் ஊசி உரசாமல் சுற்றும். பக்கத்திலேயே ஒரு தையல் ஊசியைச் சட்ட காந்தத்தில் ஒரே திசையில் பல முறை தேய்த்து, தெர்மோகோல் துண்டில் செருகி, தட்டில் தண்ணீர் விட்டு மிதக்க வையுங்கள். அது சமமாக மிதந்து வடக்கு தெற்காக நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பூமியே ஒரு காந்தம் என்பது பிள்ளைகளுக்கு வேறு மாதிரி புரிகிறது. செல்போனில் காந்தப்புலம் காட்டுகிற இலவச ஆப் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். எங்கள் மாடியில் 40 மைக்ரோடெஸ்லா அளவில் காட்டுகிறது. இரும்பு கேட் பக்கம் போனால் தாறுமாறாக ஏறும்.

காந்தம் எதில் ஒட்டும் என்பதற்குக் கையேட்டில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன: ஒட்டுபவை, ஒட்டாதவை. ‘ஒட்டுபவை’ பட்டியலில் எஃகு. சரி, வீட்டில் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துப் பாருங்கள். சிலது கப்பென்று ஒட்டும், சிலது திரும்பியே பார்க்காது. நிக்கல் கலந்து செய்கிற ரகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கிற விதம் வேறு, அதில் ஒட்டாது. நிக்கல் இல்லாத, குரோமியம் மட்டும் கலந்த ரகத்தில் ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கும்போது அம்மாக்கள் கடைக்குக் காந்தம் கொண்டுபோவது இதனால்தான். நாணயங்களிலும் அப்படியே. ஒரு ரூபாய் எஃகு நாணயம் ஒட்டும். பழைய கனமான ஐந்து ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது. நிக்கல் தனியாக இருந்தால் காந்தம் இழுக்கும், முக்கால் பங்கு செம்பு சேர்ந்ததும் இழுக்காது. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிற கையேட்டைவிட அஞ்சறைப்பெட்டியும் சில்லறை டப்பாவும் நல்ல வாத்தியார்கள்.

மின்காந்தம் வேலை செய்கிறது. ஒரே குறை, செப்புக் கம்பியின் மேல் இனாமல் பூச்சு இருக்கிறது, முனைகளில் உப்புத்தாள் கொண்டு அதைச் சுரண்ட வேண்டும் என்பதை எங்கும் சொல்லவில்லை. சுரண்டாவிட்டால் மின்சாரம் போகாது, பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். கம்பியை இணைத்தபடியே விட்டுவிடாதீர்கள், பேட்டரி சூடாகி சீக்கிரம் தீர்ந்துவிடும். குண்டூசி எத்தனை தூக்குகிறது என்று எண்ணி முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

இப்போது தராசு. சுருள்வில் தராசின் முகப்பில் இடப்பக்கம் நியூட்டன், 0 முதல் 5 வரை. வலப்பக்கம் கிராம், 0 முதல் 500 வரை. இரண்டும் ஒரே கோட்டில். 500 கிராமுக்கு நேராக 5 நியூட்டன். அது 4.9தானே? அரை கிலோ நிறையைப் பூமி இழுக்கிற விசை 4.9 நியூட்டன். தராசில் ஒரு சின்னக் கோடு 0.1 நியூட்டன் என்பதால், முழு அளவில் சரியாக ஒரு கோடு தள்ளி இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு இது ஒரு விஷயமே இல்லை என்பீர்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் நிறை வேறு, எடை வேறு என்று தலைகீழாக நின்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்கென்றே இருக்கிற கருவி, இரண்டையும் ஒரே கோட்டில் எழுதி வைத்திருக்கிறது.

எழுத்து போகட்டும், அளவாவது சரியா என்றால் அதுவும் இல்லை. சும்மா தொங்கவிட்டாலே முள் பூஜ்யத்தைத் தாண்டி நிற்கிறது. பூஜ்யத்துக்குக் கொண்டுவரத் திருகு எதுவும் கிடையாது. தரையில் படுக்க வைத்து இழுத்தால் கொக்கியின் எடை சேராததால் முள் பூஜ்யத்துக்குள் போய்விடுகிறது. எடைக்கற்களிலும் நம்பிக்கையில்லை, 50 கிராம் என்று அச்சடித்த கல் சமையலறைத் தராசில் 47 காட்டியது. சரிபார்க்க வீட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். 13 நாணயங்களை ஒரு சின்ன பாலித்தீன் பையில் போட்டால் 100 கிராம் ஆயிற்று. தராசு 0.98 காட்ட வேண்டும், இது 1.1 காட்டியது.

மரக்கட்டையை இழுத்து உராய்வு பார்ப்பதற்கு இந்தத் தராசு போதும், ஏனென்றால் அங்கே ஒப்பிடத்தான் வேண்டும், துல்லியம் வேண்டாம். இழுக்க ஆரம்பிக்கும்போது முள் ஏறிக்கொண்டே போய், கட்டை நகர்ந்ததும் சட்டென்று இறங்குவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நின்றிருப்பதை அசைக்க அதிக விசை, அசைந்ததை இழுக்கக் குறைந்த விசை. கட்டையை அகலப் பக்கமாக வைத்தாலும் குறுகிய பக்கமாக வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு வருவதுதான் யாருக்கும் நம்ப முடியவில்லை. இதற்கு நான் பயன்படுத்தியது கேரம் போர்டு. பவுடர் போடாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை. பவுடர் எதற்குப் போடுகிறோம் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

சாய்தளத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. 30 சென்டிமீட்டர் துண்டுகள் மூன்று, இணைத்தால் 90. இணைப்புகளில் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்பதால் குண்டு ஒவ்வொரு இணைப்பிலும் குதிக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு முனையை 9 சென்டிமீட்டர் உயர்த்தி, குண்டு கீழே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்க்கச் சொல்கிறது கையேடு. பக்கத்திலேயே ‘சரியான விடை’: 1.36 நொடி.

அது தப்பு. உராய்வே இல்லாத தளத்தில் ஒரு கட்டை வழுக்கி வந்தால்தான் 1.36. குண்டு வழுக்கவில்லை, உருள்கிறது. இறங்கும்போது கிடைக்கிற ஆற்றலில் ஒரு பங்கு அது சுழல்வதற்குப் போய்விடுகிறது. அதனால் திண்மக் குண்டின் முடுக்கம், வழுக்குகிற கட்டையின் முடுக்கத்தில் ஏழில் ஐந்து பங்குதான். கணக்குப் போட்டால் 1.6 நொடி வரும். பள்ளமான பாதையில் குண்டு பாதையின் விளிம்புகளில் பட்டு உருள்வதால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். பிள்ளைகள் எடுத்த அளவுகள் 1.6க்கும் 1.8க்கும் நடுவில் வந்தன. அதாவது பிள்ளைகள் சரி, கையேடு தப்பு.

ஆனால் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பாதிப்பேர் 1.36, 1.38, 1.35 என்று எழுதியிருந்தார்கள். கையேட்டின் விடையைப் பார்த்துவிட்டு, தாங்கள் அளந்ததை அடித்துவிட்டார்கள். இந்தப் பழக்கம் எங்கே போய் முடியும் என்று ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு எழுதின எல்லோருக்கும் தெரியும். ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பதற்காக, விடையிலிருந்து பின்னால் போய் அளவுகளை நிரப்புகிற வித்தையை நம்மில் செய்யாதவர் யார்? (நம் ஊரில் அது 9.78 என்பதுதான் சரி, அது வேறு கதை.) பதினெட்டு வயதில் வருகிற அந்தப் புத்தியை, பதினொரு வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறது இந்தக் கையேடு. பூஜ்யம் சரியில்லாத தராசை மன்னிக்கலாம், இதை மன்னிக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்து எடுத்துவிட்டேன்.

அந்தப் பாதையையே நான் இப்போது பயன்படுத்துவதில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் வயர் பதிக்கிற பிவிசி கேசிங் பட்டை இரண்டு மீட்டர் நீளத்தில் கிடைக்கும். நல்ல நீளம், இணைப்பு கிடையாது. அதை நீளமான பெஞ்சின் மேல் வைத்து, ஒரு முனைக்கு அடியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நோட்டுகளை அடுக்கி, ஒரு கோலிக்குண்டை விட்டால், கீழே வர ஐந்து நொடி அளவில் எடுத்துக்கொள்கிறது. விரல் அழுத்துவதில் ஏற்படும் தாமதம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலும் அப்போது பெரிதாகத் தெரியாது. ஒன்றரை நொடியில் அதே தாமதம் கணக்கையே கெடுத்துவிடும். அப்புறம் முழு நீளத்தில் கால் பங்கு, அதாவது 50 சென்டிமீட்டர் மட்டும் உருளவிட்டு நேரம் பார்க்க வேண்டும். கால் பங்கு தூரத்துக்குக் கால் பங்கு நேரம் ஆகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆவது பாதி நேரம். கலிலியோ கண்டதும் இதைத்தான். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில், சன்னமாக ஓடுகிற தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து எடை போட்டு நேரத்தை அளந்ததாக 1638இல் அவர் எழுதியிருக்கிறார். அவர் பாதையை அவ்வளவு நீளமாகவும் சரிவை அவ்வளவு குறைவாகவும் வைத்தார். பெட்டிக்காரர்கள் பாதையைப் பெட்டிக்குள் அடங்கும்படி வைத்தார்கள்.

கப்பிகள் பிளாஸ்டிக். நகரும் கப்பியில் பாதி விசை போதும் என்று காட்ட முயன்றால், உராய்வு சேர்ந்து முக்கால் பங்குக்குப் பக்கத்தில் காட்டுகிறது. அச்சில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்சம் தேவலை. நிலையான கப்பி விசையைக் குறைக்காது, திசையைத்தான் மாற்றும் என்பதற்குக் கிணற்று ராட்டினம் இருக்கிற வீட்டுக்குப் போய் வாளி இழுத்துவிட்டு வந்தாலே போதும். பலூன் கார் ஓடுகிறது, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிறது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அந்த இலவச உறை. ஆறு வட்டக் காந்தங்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் அளவு. இவை நியோடிமியம் காந்தங்கள். 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ரகம், அளவுக்குச் சம்பந்தமில்லாத பலம். பெற்றோர்கள் இந்த ஒரு பத்தியையாவது படித்துவிடுங்கள். சின்னக் குழந்தை இதில் ஒன்றை விழுங்கினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குடலையே ஓட்டையாக்கிவிடும், அறுவை சிகிச்சைதான். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 2021 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முத்திரையும் இல்லை, விழுங்கினால் ஆபத்து என்கிற எச்சரிக்கையும் இல்லை. எங்கள் வீட்டில் ஆறும் பீரோவுக்குள் இருக்கின்றன.

போதாக்குறைக்கு இவற்றில் ஒன்றைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், ஊசியின் காந்தமே தலைகீழாகிவிடும் அளவுக்குப் பலம். அப்புறம் சிவப்பு முனை தெற்கைக் காட்டும். அப்படி ஆகிவிட்டால் ஊசியின் சிவப்பு முனைக்கு நேராக அதே காந்தத்தின் தென் துருவத்தைக் கொண்டுபோய் மெதுவாக விலக்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்கலாமா என்றால், கூட உட்கார ஒரு பெரியவர் இருந்தால் வாங்கலாம், ஆனால் இந்த விலைக்கு வேண்டாம். தள்ளுபடியில் ஆயிரம் ரூபாய்க்குள் வந்தால் வளைய காந்தங்களுக்கும் இரும்புத்தூள் பெட்டிக்கும் மின்காந்தச் சாமானுக்குமே அது தகும். பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தானாகப் படித்துக்கொள்ளட்டும் என்று இருப்பவர்கள் வாங்க வேண்டாம். பாதி சாமானைத் தனியாகவே வாங்கிவிடலாம்: பழைய ஸ்பீக்கர் உடைக்கிற கடையில் வளைய காந்தம் சும்மாவே தருவார்கள், கேசிங் பட்டை எலக்ட்ரிக்கல் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், கோலிக்குண்டு பெட்டிக்கடையில். சுருள்வில் தராசை மட்டும் பள்ளிகளுக்குச் சப்ளை செய்கிற அறிவியல் உபகரணக் கடையில், பூஜ்யத் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையிலேயே கொக்கியில் 13 பத்து ரூபாய் நாணயங்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.